51 கிலோ வாசல்

குத்துச்சண்டையில் மேரி கோம் ஆறு முறை உலக சாம்பியன். நிகத் ஜரீன் இரண்டு முறை. ஒலிம்பிக்கில் மேரிக்கு ஒரு வெண்கலம் உண்டு, நிகத்துக்கு இதுவரை எதுவும் இல்லை. ஆசிய விளையாட்டில் மேரி 2010இல் வெண்கலமும் 2014இல் தங்கமும் வாங்கினார். நிகத்தின் கணக்கில் ஹாங்சோவில் கிடைத்த ஒரு வெண்கலம். காமன்வெல்த்தில் மட்டும் ஆளுக்கொரு தங்கம். புதுச்சேரியின் திருக்கனூர் கடைத்தெருவிலோ மதகடிப்பட்டு பேருந்து நிறுத்தத்திலோ இந்தக் கணக்கை விரித்து வைத்தால், ‘இதில் ஒப்பிட என்ன இருக்கிறது’ என்றுதான் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. முடிவும் பெரும்பாலும் சரியே. இரண்டு பேரில் பெரியவர் மேரிதான் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வரும் வழி தவறு. ஆறிலிருந்து இரண்டைக் கழித்து யாரும் ஒரு குத்துச்சண்டை வீராங்கனையை அளந்துவிட முடியாது. இந்த இருவரின் பதிவேட்டிலும் பதக்கத்துக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இன்னொரு எண் இருக்கிறது. 45, 46, 48, 51, 52, 50 என்று மாறிக்கொண்டே போகும் கிலோ எண் அது. யார் எப்போது எதை வென்றார், எதை இழந்தார், ஏன் இருவரும் ஒருவரோடொருவர் மோத நேர்ந்தது என்பதையெல்லாம் தீர்மானித்தது அந்த எண்தான்.

எடை என்றால் என்னவென்று மண்ணாடிப்பட்டு கொம்யூன் கிராமங்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பொங்கலுக்கு நடக்கும் கபடிப் போட்டிக்கு ஒட்டும் சுவரொட்டியிலேயே ‘60 கிலோ பிரிவு’ என்று போட்டிருக்கும். ஆட்டக்காரனை எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் களத்தில் இறக்குவார்கள். முள் கொஞ்சம் தாண்டினால் சண்டையே வந்துவிடும். ஏழு பேர் சேர்ந்து பிடிக்கும் விளையாட்டிலேயே எடைக்கு அவ்வளவு மதிப்பென்றால், இருவர் மட்டும் முகத்துக்கு முகம் நின்று அடித்துக்கொள்ளும் விளையாட்டில் அது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டுமா? கனமான உடம்பிலிருந்து வரும் குத்து வலுவாக விழும். உயரமானவரின் கை எட்டும் தூரம் அதிகம். அதனால்தான் இரண்டு மூன்று கிலோவுக்கு ஒரு பிரிவு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். 46 கிலோ உடம்போடு 51 கிலோ பிரிவில் இறங்குவதென்றால் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாக உள்ளவரோடு மோதுவதாகப் பொருள்.

மேரி கோமின் பதிவேட்டை இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். மணிப்பூரின் சுராசந்த்பூர் மாவட்டத்து மலைக் கிராமத்தில் பிறந்தவர். அதே மாநிலத்து டிங்கோ சிங் 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றதைப் பார்த்து கிளவுஸ் மாட்டிக்கொண்ட தலைமுறை அவருடையது. 2001இல் அமெரிக்காவின் ஸ்க்ராண்டனில் பெண்களுக்கான உலகப் போட்டி முதன்முதலாக நடந்தபோதே 48 கிலோவில் வெள்ளி. அடுத்த ஆண்டு துருக்கியின் அண்டாலியாவில் 45 கிலோவில் தங்கம். 2005இல் ரஷ்யாவின் போடோல்ஸ்க், 2006இல் புதுடெல்லி, 2008இல் சீனாவின் நிங்போ என்று மூன்று தங்கங்கள் 46 கிலோவில். 2010இல் பார்படோசின் பிரிட்ஜ்டவுனில் 48 கிலோவில் தங்கம். எட்டு ஆண்டுகளில் ஐந்து தங்கம். இடையில் 2007இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுத்துவிட்டு வந்துதான் நிங்போவில் வென்றார். இவை அத்தனையும் 48 கிலோவுக்குள். அவருடைய உடம்பு எங்கே இருந்ததோ அங்கேயே நின்று வாங்கிய பதக்கங்கள் இவை.

பெண்கள் குத்துச்சண்டையை ஒலிம்பிக்கில் சேர்ப்பதென்று 2009இல் முடிவானபோது, அவர் நிற்கும் அந்த இடத்துக்குத்தான் கதவு இல்லாமல் போனது. 2012 லண்டனில் ஆண்களுக்குப் பத்து எடைப்பிரிவுகள். பெண்களுக்கு மூன்றே மூன்று: 51, 60, 75. அதே லண்டனுக்கு மணிப்பூரிலிருந்தே சென்ற தேவேந்திரோ சிங் ஆண்களுக்கான 49 கிலோ பிரிவில் இயல்பாக இறங்கிக் கால் இறுதி வரை வந்தார். அவருக்கு வாசல் திறந்திருந்தது. ஐந்து முறை உலக சாம்பியனான மேரிக்கோ தன் எடையை விட்டு மேலே ஏறினால்தான் உள்ளே நுழையவே முடியும். ஏறினார். தகுதிக்கான உலகப் போட்டியில் பிரிட்டனின் நிகோலா ஆடம்ஸிடம் கால் இறுதியில் தோற்றும், ஆடம்ஸ் அதற்கடுத்த சுற்றையும் வென்றதால் விதிப்படி ஒலிம்பிக் இடம் கிடைத்தது. லண்டனில் முதல் போட்டியில் எதிரே நின்றவர் போலந்தின் கரோலினா மிகல்ச்சுக். 2008இல் 54 கிலோ பிரிவில் உலகப் பட்டம் வென்றவர். மேலிருந்து எடையைக் குறைத்துக்கொண்டு அவர் வந்தார். கீழிருந்து ஏறி மேரி வந்தார். 19-14 என்று மேரி வென்றார். அடுத்து துனீசியாவின் மரூவா ரஹாலியை 15-6 என்று முடித்துவிட்டு, அரையிறுதியில் மீண்டும் ஆடம்ஸிடம் 6-11 என்று தோற்றார். தங்கம் ஆடம்ஸுக்குப் போனது. என் கணக்கில் மேரியின் பதிவேட்டில் மிகக் கனமான வரி இந்த வெண்கலம்தான். ஆறு தங்கத்தையும் தட்டின் ஒரு பக்கம் வைத்தால் தட்டு சரிந்துவிடாமல் தாங்கக்கூடிய வெண்கலம்.

நிகத்தின் பதிவேடு வேறு விதமாகத் தொடங்குகிறது. தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 1996இல் பிறந்தவர். 2011இல், பதினைந்து வயதுக்குள், ஜூனியர் உலகப் பட்டம் வென்றார், அதுவும் மேரி முதல் தங்கம் வாங்கிய அதே அண்டாலியாவில். அங்கிருந்து 2022இல் இஸ்தான்புல்லில் சீனியர் உலகப் பட்டத்தைத் தொடும்வரை பதினோரு ஆண்டுகள். இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் பலர் அவரைச் சின்னவராக மதிக்கிறார்கள். ஆனால் இந்தியாவில் 51 கிலோவில் ஒலிம்பிக் கனவு கண்ட ஒரு பெண்ணுக்கு அந்தப் பதினோரு ஆண்டுகளில் பெரும்பகுதி எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். லண்டனிலும் ரியோவிலும் பெண்களுக்கு மூன்றே பிரிவுகள். டோக்கியோவில் ஐந்தாக உயர்ந்தும் அடிமட்டப் பிரிவு 51தான். ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவில் ஒரே இடம். 2018இல் புதுடெல்லியில் 48 கிலோவில் ஆறாவது தங்கம் வென்ற மேரி, ஒலிம்பிக் வேண்டுமென்றால் மறுபடி 51க்கு ஏறியே ஆக வேண்டும். ஏற்கெனவே அங்கே நின்றிருந்தவர் நிகத். 48 கிலோவுக்கு ஒலிம்பிக்கில் ஒரு வாசல் இருந்திருந்தால் இந்த இருவரும் எதிரெதிரே நின்றிருக்கவே வேண்டியதில்லை. நாடே இரண்டு அணியாகப் பிரிந்து பேசிய அந்தப் பகை இரண்டு பெண்களின் குணத்திலிருந்து முளைத்ததல்ல. மூன்று கிலோ பற்றாக்குறையிலிருந்து முளைத்தது.

அந்த மோதலின் விவரம் பலருக்கு நினைவிருக்கும். 2019 ரஷ்யாவின் உலான் உடேயில் நடந்த உலகப் போட்டியில் 51 கிலோவில் மேரி வெண்கலம் வென்றார். அந்த வெண்கலத்தைக் காட்டி, ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு அவரையே நேராக அனுப்பலாம் என்று இந்தியக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு நினைத்தது. எல்லோருக்கும் பொதுவாகத் தேர்வுப் போட்டி வைக்க வேண்டும் என்று நிகத் அப்போதைய விளையாட்டு அமைச்சர் கிரண் ரிஜிஜுவுக்குக் கடிதம் எழுதினார். கடைசியில் டிசம்பர் 28 அன்று டெல்லியில் தேர்வுப் போட்டி நடந்தது. 9-1 என்று மேரி வென்றார். போட்டி முடிந்ததும் கை குலுக்க மறுத்தார். வென்றவருக்கு 37 வயது, தோற்றவருக்கு 23. நிகத்தைப் பற்றிய பேச்சு பலருக்கு அந்த நாளோடு முடிந்துவிட்டது. ஆனால் அவர் கேட்டது பதக்கத்தையோ இடத்தையோ அல்ல, ஒரு போட்டியை. பதிவேடுகளை மட்டும் வைத்து இடம் கொடுத்திருந்தால் அந்தப் போட்டியே நடந்திருக்காது. புகழ்பெற்றவருக்கும் புதியவருக்கும் ஒரே எடை மேடை, ஒரே ரிங் என்பதை நிலைநாட்டியவர் தோற்றவர்தான். அது எந்தப் பதக்கப் பட்டியலிலும் ஏறாது. ஆனாலும் அவருடைய சாதனைகளில் ஒன்றாகவே அதை எண்ணுகிறேன்.

நேருக்கு நேர் மோதி ஒருவர் வென்றுவிட்ட பிறகு ஒப்பீடு எதற்கு என்று கேட்கலாம். அந்த 9-1 அந்த நாளின் கணக்கைச் சந்தேகமில்லாமல் முடித்தது. ஒரு வாழ்க்கையின் கணக்கை அது முடிக்குமா? இருவரும் மோதிய பொது எதிராளிகளை வைத்துப் பார்க்கலாம். கொலம்பியாவின் இங்கிரிட் வலென்சியாவை மேரி 2019 உலகப் போட்டியில் 5-0 என்று வென்றார். அதே வலென்சியாவிடம் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 2-3 என்று தோற்று வெளியேறினார். அதே வலென்சியாவை நிகத் 2023 உலகப் போட்டி அரையிறுதியில் 5-0 என்று வென்றார். துருக்கியின் புசெனாஸ் சகிரோக்லு 2019இல் மேரியை 4-1 என்று தோற்கடித்தார். டோக்கியோவில் வெள்ளி வாங்கிய பிறகு, 2022 தொடக்கத்தில் பல்கேரியாவின் ஸ்ட்ராஞ்சா போட்டியில் நிகத்திடம் தோற்றார். 2025 லிவர்பூல் உலகப் போட்டியின் கால் இறுதியில் நிகத்தை 5-0 என்று திருப்பி அடித்தார். யார் யாரை வென்றார் என்று கோடு போட்டுக்கொண்டே போனால் கோடு வட்டமாகத் திரும்பி வந்துவிடும். குத்துச்சண்டையில் ‘இவர் அவரைவிடப் பெரியவர்’ என்பதை ஒரு நாளின் முடிவால் நிறுவ முடியாது என்பதற்கு இந்த வட்டமே சாட்சி.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று மறுபக்கத்திலிருந்து வருகிறது. மேரி வென்ற காலத்தில் போட்டியே குறைவு என்பது அது. 2001இல் வந்தவை சுமார் 30 நாடுகள். 2022 இஸ்தான்புல்லில் 70க்கும் மேற்பட்ட நாடுகள், 300க்கும் மேற்பட்ட வீராங்கனைகள். 2006, 2008, 2010 ஆகிய மூன்று இறுதிப் போட்டிகளிலும் மேரிக்கு எதிரே நின்றவர் ஒரே ஆள், ருமேனியாவின் ஸ்டெலூட்டா டூட்டா. களம் எவ்வளவு சிறியதாக இருந்தது என்பதற்கு இது அத்தாட்சி என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: மேரியின் முதல் நான்கு தங்கங்களில் எந்த ஒன்றைத் தனியாக எடுத்தாலும் நிகத்தின் இஸ்தான்புல் தங்கம் அதைவிடக் கனமானது. 52 கிலோ பிரிவில் ஐந்து போட்டிகள். ஐந்திலும் ஐந்து நடுவர்களும் நிகத் பக்கமே தீர்ப்பளித்தார்கள். இறுதியில் தாய்லாந்தின் ஜுதாமஸ் ஜித்போங்கையும் 5-0 என்றே வென்றார். பாரிஸ் ஒலிம்பிக்கின் புதிய அடிமட்டப் பிரிவான 50 கிலோவுக்கு இறங்கி, 2023 டெல்லியில் தரவரிசை இடம் இல்லாமல் நுழைந்து, ஆறு போட்டிகள் ஆடி இரண்டாவது தங்கம் எடுத்தார். அந்த ஆண்டு ரஷ்ய, பெலாரஸ் வீராங்கனைகளைக் கொடியோடு அனுமதித்ததை எதிர்த்துப் பத்துக்கும் மேற்பட்ட நாடுகள் வரவில்லை. அதற்காகக் கொஞ்சம் கழித்துக்கொள்வது நேர்மை. கழித்த பிறகும் ஆறு போட்டிகள் ஆறு போட்டிகள்தான்.

அப்படியானால் மேரி எந்த வகையில் பெரியவர்? களம் சிறியதாக இருந்தது என்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். களம் வளர்ந்த பிறகும் அவர் அங்கேயே நின்றார். முதல் உலகப் பதக்கம் 2001இல், எட்டாவது 2019இல். இந்தப் பதினெட்டு ஆண்டுகளில் விளையாட்டின் சட்டமே அடியோடு மாறியது. லண்டன் காலத்தில் குத்து விழ விழ நடுவர்கள் பொத்தானை அழுத்தி எண்ணுவார்கள். 19-14, 15-6 என்ற எண்கள் அப்படி வந்தவை. 2013இலிருந்து சுற்றுக்குப் பத்துப் புள்ளி என்ற முறை வந்தது. 5-0, 3-2 என்பவை எத்தனை நடுவர்கள் யார் பக்கம் என்பதன் கணக்கு. இரண்டு நிமிடம் வீதம் நான்கு சுற்றாக இருந்த பெண்கள் போட்டி 2017இல் மூன்று நிமிடம் வீதம் மூன்று சுற்றானது. எண்ணிக்கை முறையில் எட்ட நின்று ஒற்றைக் குத்தைச் சுத்தமாகப் பதித்துவிட்டு விலகுபவருக்கு லாபம். சுற்று முறையில் மூன்று நிமிடமும் களத்தை ஆள்பவருக்கு லாபம். பழைய முறையில் வளர்ந்தவர்களில் பலர் புதிய முறையில் காணாமல் போனார்கள். மேரி 2013இல் மூன்றாவது குழந்தையைப் பெற்றுவிட்டு வந்து, 2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில், தன் எடைக்கு மேலான 51 கிலோவில் தங்கம் வென்றார். 2018 டெல்லியில் 48 கிலோ இறுதியில், தன்னைவிட மிக இளையவரான உக்ரைனின் ஹன்னா ஒகோட்டாவை 5-0 என்று வென்றார். அந்த ஆறாவது தங்கத்துக்குக் களம் சிறியது என்ற கழிவு பொருந்தாது. நிகத்தின் இரண்டு தங்கங்களோடு சரிசமமாக வைக்கக்கூடியது அது.

எடையைச் சாக்காகச் சொல்லக்கூடாது, எல்லா வீரர்களும் எடை மாறித்தானே ஆடுகிறார்கள் என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. ரியோவுக்கு மேரி தகுதி பெறவில்லை. 2016 உலகப் போட்டியில் 51 கிலோவில் இரண்டாம் சுற்றிலேயே ஜெர்மனியின் அசீசே நிமானியிடம் தோற்றுப்போனார். இரண்டு ஆண்டு கழித்து 48க்குத் திரும்பியதும் உலகத் தங்கம். 2019இல் மறுபடி 51க்கு ஏறியதும் வெண்கலத்தோடு நின்றது. 48க்குள் ஆறு தங்கம், 51இல் உலகப் போட்டித் தங்கம் ஒன்றுகூட இல்லை. ஒரே ஆளின் ஒரே திறமை மூன்று கிலோவில் எவ்வளவு மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்? நிகத்தின் தாமதத்துக்கு முழுக் காரணம் மேரிதான் என்று சொல்வதும் இதே நேர்மைக்கு ஒத்துவராது. 2017இல் தோள்பட்டைக் காயம் அவரை நெடுநாள் வெளியே உட்கார வைத்தது. மேரி 48இல் இருந்த 2018இல்கூட 51 கிலோவில் உலகப் போட்டிக்கு இந்தியா அனுப்பியது நிகத்தை அல்ல, பிங்கி ராணியை. வாசல் குறுகலாக இருந்தது உண்மை. திறந்திருந்த சில நேரங்களில் அவர் வாசலில் நிற்க முடியாமல் போனதும் உண்மை.

ஒலிம்பிக்கில் நிகத்துக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு 2024 பாரிஸ். தரவரிசையில் இடமில்லாததால் இரண்டாவது போட்டியிலேயே முதலிடத்தில் இருந்த சீனாவின் வூ யூவை எதிர்கொள்ள நேர்ந்தது. 0-5. வூ யூ தங்கம் வென்றார். லண்டனில் மேரியைத் தோற்கடித்த ஆடம்ஸும் தங்கம்தான் வென்றார். மேரி ஆடம்ஸைச் சந்தித்தது அரையிறுதியில். குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்ற இருவருக்குமே வெண்கலம். நிகத் வூ யூவைச் சந்தித்தது கால் இறுதிக்கு முந்தைய சுற்றில். பதக்கப் பட்டியலில் ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்குச் சுழியம். அந்த ஒன்றுக்கும் சுழியத்துக்கும் நடுவில் லண்டனில் மிகல்ச்சுக்கை மேரி வீழ்த்திய திறமை இருக்கிறது. ஆட்ட அட்டவணைக் குலுக்கலும் இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ்க் கோப்போடு நிற்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புரியும். தாளில் ஏறுவது வாங்கிய இடம் மட்டுமே. எந்தச் சுற்றில் யாரிடம் தோற்றோம், எந்த எடையில் இறங்கினோம் என்று எழுத அதில் கட்டம் இல்லை. உலக சாம்பியன்களின் கோப்பும் அதே படிவத்தில்தான் இருக்கிறது. அதைப் படிப்பவர்களாவது விடுபட்ட கட்டத்தை நிரப்பிப் படிக்கலாம்.

2025 செப்டம்பரில் லிவர்பூலில் இந்தியாவுக்கு இரண்டு உலகத் தங்கங்கள் கிடைத்தன. 57 கிலோவில் ஜெய்ஸ்மின் லம்போரியா, 48 கிலோவில் மீனாட்சி ஹூடா. 2028 லாஸ் ஏஞ்சலஸில் ஆண்களுக்கு ஏழு, பெண்களுக்கு ஏழு என்று முதன்முறையாகப் பிரிவுகள் சமமாகியிருக்கின்றன. ஆனால் அந்த ஏழிலும் 48 இல்லை. பெண்களுக்கான மிகக் குறைந்த எடை மறுபடியும் 51. மேரி 2018இல் விட்டுவிட்டு வந்த அதே பிரிவில் இன்று உலக சாம்பியனாக நிற்கும் மீனாட்சிக்கு ஒலிம்பிக் வேண்டுமென்றால் மூன்று கிலோ ஏற வேண்டும். ஏறினால் அங்கே நிற்பவர், பாரிஸுக்குப் பிறகு 50ஐ விட்டு 51க்கு வந்துவிட்ட நிகத் ஜரீன். 2028 ஜூலையில் நிகத்துக்கு 32 வயது ஆகியிருக்கும். அனுப்ப முடிவது ஒருவரை மட்டும். அவர்கள் இருவரில் யார் போவதென்பதற்கு மறுபடியும் ஒரு தேர்வுப் போட்டி வைக்க வேண்டியிருக்கும். 2019இல் கடிதம் எழுதிக் கேட்டுப் பெற்ற அதே போட்டிக்கு, இந்த முறை மூத்தவராக நிகத் எடை மேடையில் ஏறுவார்.